பறைக்குப் பூட்டிய சிவப்பு வளையம்

சூரியனை எழுப்புவது என் மாமாதான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். கண்டிப் பக்கத்தில் வத்தேகமவுக்கு மேலே, பாதி நாள் மூட்டத்துக்குள்ளேயே கிடந்த ஒரு கோப்பித் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், இருட்டோடு எழுந்து பெரட்டுக்களத்தில் நின்று பறை அடிப்பார். வேலைக்குப் போகுமுன் ஆட்கள் வந்து பெயர் கொடுக்கிற இடம் அது. முதலில் எங்கள் மேல் லயத்து வரிசை வீடுகளில் கதவுகள் திறக்கும். பிறகு சத்தம் ஓடையைத் தாண்டிக் கீழ் லயத்துக்குப் போகும். அங்கே ஒவ்வொன்றாக அடுப்பு வெளிச்சம் தெரியும். அதற்கப்புறமே வானம் வெளுக்கும். ஆகவே என் நம்பிக்கையைப் பெரிதாகக் குறை சொல்லவும் முடியாது.

அப்பா கடல் தாண்டி வந்த வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவும் நானும் மாமாவின் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஒண்டிக்கொண்டோம். காடு வெட்டிய காலத்தில் ஒரு மரம் உருண்டு மாமாவின் முழங்காலை நசுக்கியிருந்தது. சமதளத்தில் இழுத்து இழுத்து நடப்பார். மலை ஏற அந்தக் காலால் முடியாது. பறை இருந்ததால் அவருக்குத் தோட்டத்தில் பெயர் விழுந்தது, அதாவது நாள் கூலி கிடைத்தது. இதை நான் அறிந்தே இருந்தேன். அறிந்தும் அதைப் பற்றி நினைத்ததில்லை.

பறை பார்வைக்கு ஒன்றுமில்லாதது. கறுத்துப்போன ஒரு மரவளையம், அதன் ஒரு முகத்தில் ஒட்டிய தோல், அவ்வளவுதான். தோலை மாமா அவ்வப்போது மாற்றுவார். வளையம் மட்டும் அக்கரையிலிருந்து அவர் தோளில் மாட்டிக்கொண்டு வந்தது. வைக்கோல் தீயில் காய்ச்சி அடித்தால் சத்தம் சுள்ளென்று காதில் குத்தும்.

ஒருமுறை கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியில் மாமா என்னையும் கண்டிக்குக் கூட்டிப்போனார். ஏரிக்கரையில் பட்டாளத்தார் வாத்தியங்களோடு அணிவகுத்துப் போனார்கள். காலை மூட்டம் அப்போதுதான் தண்ணீரை விட்டு எழுந்துகொண்டிருந்தது. ஒரு மனிதன் மார்பில் பெரிய மேளம் ஒன்றைச் சுமந்து வந்தான். அதன் இரண்டு பக்கத்திலும் அகலமான மரவளையங்கள், செக்கச்செவேலென்று. ஏரிக்குள்ளும் அதே மேளம் தலைகீழாக நடந்து போயிற்று. எது மேலே போகிறது, எது உள்ளே போகிறது என்று தெரியாமல் நான் வாயைப் பிளந்து நின்றேன்.

"வளையத்தப் பாருங்க மாமா!"

"பாத்தேன்டா மருமவனே. மாப்பிள்ளைக் கோலத்துல இல்ல நிக்குது! நம்ம பறையும் இருக்கே, காக்கா மாதிரி."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அது உத்தரவாகக் கேட்டது.

துரை பங்களாவுக்கு மாவு வந்த பீப்பாய் ஒன்று கோப்பி ஸ்டோருக்குப் பின்னால் உடைந்து கிடந்தது. அதைக் கட்டியிருந்தவை மரவளையங்கள். ஒன்றைக் கழற்றி, நீளத்தைக் குறைத்து, ஓடையில் ஊறவைத்தேன். சாக்குகளுக்கு அடையாளம் போடும் சிவப்புச் சாயத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். எல்லாரும் மலையில் இருந்த ஒரு பிற்பகல், மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, அந்த ஈர வளையத்தைப் பறையைச் சுற்றி இறுக்கி ஆணிகள் அடித்து, சாயம் பூசினேன். ஓர் ஆணி உள்வளையத்துக்குள் இறங்கியபோது மரம் 'டப்' என்று பிளந்தது. வேலை நன்றாக நடக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்று நினைத்தேன். பறையைப் பழையபடி சாக்கில் சுற்றி மாட்டிவிட்டேன். இரவோடு இரவாக வளையம் காய்ந்து இன்னும் இறுகியிருக்க வேண்டும்.

பிற்காலத்தில் கண்டியில் படித்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒலியைப் பற்றிப் பாடமும் சொன்னேன். பட்டாளத்து மேளத்துக்குப் பெரிய வயிறு உண்டு. அதன் வளையம் தோலை இழுத்துப் பிடித்தால் போதும். பறைக்கு வயிறு இல்லை. வளையமே அதன் உடம்பு. தோலோடு சேர்ந்து அதுவும் அதிர வேண்டும். அதன்மேல் இன்னொரு வளையத்தைப் பூட்டினால் ஒருவன் விலாவைக் கட்டிப்போட்டுப் பாடச் சொன்னதுபோலத்தான். பிள்ளைகளுக்கு நான் வேறு உதாரணம் சொன்னேன்.

மறுநாள் விடியற்காலை மாமாவின் பின்னாலேயே போனேன். வைக்கோலைக் கொளுத்தி, சாக்கைப் பிரித்தார். தீ வெளிச்சத்தில் வளையம் ஏரிக்கரையில் பார்த்ததைவிட அழகாக மின்னியது. மாமா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டினேன். அவர் பறையைக் காய்ச்சினார். நேரமாகிவிட்டிருந்தது. அடித்தார்.

தும்... தும்... தும்...

தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல, யாரோ தொட்டிலுக்குப் பக்கத்தில் தட்டிக்கொடுப்பதுபோல இருந்தது அந்தச் சத்தம். மாமா மேலும் மேலும் ஓங்கி அடித்தார். அது மூட்டத்துக்குள் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. மேல் லயத்திலேயே சில கதவுகள்தான் திறந்தன. கீழ் லயத்தில் ஒரு வெளிச்சமும் இல்லை. மாமா இல்லாமலே வானம் வெளுத்தது. நான் திடுக்கிட்டுப் போனேன்.

பழம் சிவந்து உதிர்கிற காலம். துரை குதிரையில் வந்து நின்றார். களத்தில் பாதிக்கு ஆள் இல்லை. ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஓடிப்போய்க் கீழ் லயத்தாரை விரட்டிக்கொண்டு வந்தார்.

"காதுல என்ன, கோப்பிக் கொட்டையா அடச்சிருக்கு?" என்று ஒரு பெண்ணைக் கேட்டார்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கேட்டுச்சுங்க ஐயா. எங்க ஊர்ல மழ பெய்ற மாதிரி கனா. அதுக்குள்ளதான் கேட்டுச்சு. எந்திரிக்க மனசு வரல" என்றாள்.

தாமதமாக வந்த அத்தனை பேருக்கும் அன்று பெயர் இல்லை என்று துரை சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். கங்காணி பறையைப் பிடுங்கிப் பார்த்தார்.

"எவன் வேலடா இது? சொல்லு. அவன் வீட்டோட சேத்து லயத்த விட்டு எறக்கிடறேன்!"

அம்மா என் கையைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். விரலெல்லாம் சிவப்பாக இருந்தது. குளிருக்காக மூடுகிறாள் என்று நினைத்தேன்.

"நாந்தாங்க ஐயா," என்றார் மாமா. "கண்டி ஏரிக்கரையில பட்டாளத்து மேளம் பாத்தேன். கெழட்டுப் பயலுக்கு ஆச வந்திருச்சு."

"கல்யாணத்துக்கே நல்ல வேட்டி கட்டாத ஆளு, பறைக்குப் பொட்டு வச்சிருக்காரு பாரு!" என்று எவனோ கூவினான். களமே சிரித்தது. கங்காணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்ட பிறகு ஒரு குடும்பத்தை வெளியே தள்ளுவது அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும்.

"பறையும் பிளந்துபோச்சு. நாளையிலருந்து கொம்பு ஊத வேற ஆள் போடறேன். நீ சாக்கத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போ" என்றார்.

இதை எழுதும்போது கூசுகிறது; ஆனாலும் எழுதிவிடுகிறேன். அன்று எனக்கு வந்தது பயமோ இரக்கமோ அல்ல. கோபம். நான் ஊறவைத்து, நான் ஆணி அடித்து, நான் சாயம் பூசியதை, இத்தனை பேர் முன்னிலையில் மாமா தன்னுடையது என்று சொல்லிக்கொண்டாரே! அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. "பட்டாளத்தாரே, சலாம்!" என்று லயத்தில் அவரைக் கேலி செய்தபோதும், அது எனக்கு வரவேண்டிய பெயர் என்றே பொருமினேன். அம்மா அவர் தட்டில் அதிகமாகச் சோறு வைத்ததுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

சில நாள் கழித்து, பழம் பறிக்கிற பிள்ளைகளோடு மலை ஏறிக்கொண்டிருந்தேன். பாதி வழியில், ஒரு கோப்பிச் செடியைப் பிடித்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். சாக்கு பக்கத்தில் காலியாகக் கிடந்தது. நெற்றியில் வியர்வை. மற்றவர்கள் மேலே மூட்டத்துக்குள் மறைந்துவிட்டிருந்தார்கள்.

"மருமவனே, கொஞ்சம் கை குடுடா."

நான் நிற்கவில்லை. என் பெயரைத் திருடியவருக்கு எதற்குக் கை கொடுக்க வேண்டும் என்று, அவருக்குக் கேட்கும்படியே சொல்லிக்கொண்டு கடந்து போனேன். திரும்பிப் பார்த்தபோது மாமா சிரித்துக்கொண்டிருந்தார். அகப்பட்டுக்கொண்ட திருடனின் சிரிப்பு அது என்று எடுத்துக்கொண்டு, வெற்றியோடு மலை ஏறினேன்.