ஊசி உடைந்தால் அழுத்த வேண்டிய பட்டன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு தையல் மெஷினுக்கும் ஒரு திரை. ஊசி உடைந்தால் அதிலிருக்கும் சிவப்பு பட்டனை அழுத்த வேண்டும். உடனே சைரன் கத்தும், சூப்பர்வைசரின் திரையிலும் காட்டும். சூப்பர்வைசர் வந்து, உடைந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கித் தாளில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் அந்த பண்டில், அதாவது தைத்த துணிக்கட்டு, நகரும். தைப்பது கைக்குழந்தைகளுக்கான பனியன்.

ஒரு காலையில் செக்கிங் மேசையில் பனியனைப் பிரித்துப் பார்த்த ஒரு பெண்ணின் விரலில், அதிலிருந்த உடைந்த ஊசிமுனை குத்தியது. அந்தப் பனியனைத் தைத்த அக்காவைச் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, பட்டனை அமுத்தவே இல்லியா?"

"மூணு தடவ அமுத்துனனுங்க. சாப்பாட்டு மணி அடிச்சுது, பண்டில ஓரமா வெச்சுட்டுப் போனனுங்க. வந்து பாத்தா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

என்னைக் கேட்டார்கள். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். கணினிப் பதிவைத் திறந்து காட்டி, "அமுத்தியிருந்தா இதுல இருக்குமுங்க" என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அந்த அக்காவிடம் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர்.

"ஆரையும் தேடிப் போக வேண்டாம், பட்டன அமுத்துனாப் போதும்னு நீங்கதானுங்களே தம்பி சொன்னீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்த அக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

மனசு கேட்கவில்லை. அவர் மெஷினில் உட்கார்ந்து நானே அழுத்தினேன். பட்டன் நிறம் மாறியது, அமுங்கி எழுந்தது. சைரன் கத்தவில்லை, சூப்பர்வைசர் திரையிலும் ஒன்றும் வரவில்லை. தொடுதிரை கெட்டிருக்கும் என்று பார்த்தால், பக்கத்து பட்டன்கள் ஒழுங்காக வேலை செய்தன. நெட்வொர்க்கும் சரியாக இருந்தது. லேப்டாப்பில் புரோகிராமைத் திறந்தேன்.

தூக்கிவாரிப் போட்டது. பட்டன் அழுத்தியதும் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் அந்த ஒரே வரி முடக்கப்பட்டிருந்தது. முடக்கியவன் நான். போன மாதம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் வந்த அன்று, அவர் முன்னால் சைரன் கத்தினால் மானம் போகும் என்று முதலாளி சொன்னார். ரெண்டு மணி நேரத்துக்குத்தானே என்று நிறுத்தினேன். திரும்பப் போட மறந்தே போனேன், மடையன். ஒரு மாதமாக சைரன் கத்தவில்லையே என்று சூப்பர்வைசர் வேறு சந்தோஷமாக இருந்திருக்கிறார்.

அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு கேட்டுக்கு ஓடினேன். அந்த அக்கா பஸ்ஸுக்காக நின்றிருந்தார்.

"தப்பு என்னுதுங்கக்கா. நீங்க அமுத்தியிருக்கீங்க. மேல வாங்க, கூப்பிடறாங்க."

நாலு வார்த்தை திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். திட்டியிருக்கலாம்.

"எல்லா மெஷின்லயும் இதே பட்டன்தானுங்களே தம்பி?" என்றார்.

அந்த ஒரு மாதம் தைத்ததெல்லாம் பெட்டியில் ஏறி, முந்தின நாளே தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயிருந்தது.