மாமாவின் பழைய போனில் இருந்த குரல்

என் மாமனாரின் கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கும். கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரியது. மேல் ஓரத்தை மடித்துத் தைத்து நாடா கோத்தது. பழைய வேட்டியைக் கிழித்து அத்தை தைத்துக் கொடுப்பார். என் கல்யாணத்தன்று மட்டும் புதுத் துணி. விகாரையில் பிக்கு ஓதி முடித்து எல்லோரும் எழுந்தபோது மாமா என் முன்னால் வந்து நின்று ஏதோ சொன்னார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. துணி மட்டும் மூச்சில் லேசாக உப்பித் தணிந்தது. நான் விழித்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்த அத்தை சொன்னார்: "பயப்படாதேன்றாரும்மா. நம்ம வூடுதான், பயப்படாதேன்றாரு."

மாமாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, பெங்களூரில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிட்டிருந்தார்கள். அது என் கல்யாணத்துக்கு முந்தைய வருடம். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் அவர் மூச்சு விட்டார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை டாக்டர் கொடுத்துப் பார்த்தார். ஒரே முறை அதில் பேசிவிட்டு, ஏதோ மெஷின் பேசுகிறது என்பதுபோல முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஆகவே தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் ஒன்றுக்கு மருமகளாக வந்த நான், மாமாவின் குரலைக் கேட்டதே இல்லை.

தெருவுக்கே அந்தக் குரல் தெரிந்திருந்தது. சுரங்கம் மூடும்வரை அவர் அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். பிறகு பெங்களூரில் ஒரு கட்டிடத்தில் செக்யூரிட்டியாகப் போய் வந்தார். "உங்க மாமனார் ஷிப்ட் முடிஞ்சி தெரு முனைக்கு வந்தாலே எங்களுக்குத் தெரிஞ்சிடும். அப்பிடி பேசிகினு வருவாரு" என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்வார். கேட்கக் கேட்க, ஒரு கனமான குரலை நானே மனத்தில் உண்டாக்கிக்கொண்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த மாமா வேறு. காலையில் நான் பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பும்போது டிபன் டப்பாவின் மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கிறவர். கை தட்டிக் கூப்பிட்டு, வானத்தைக் காட்டி, குடையை நீட்டுகிறவர். அவருடைய உதடுகளைப் படிக்க நான் சீக்கிரமே பழகிவிட்டேன். என் கணவரும் அத்தையும் அவர் பேசும்போது பாதியில் தடுமாறுவார்கள். இல்லாத குரலை அவர்கள் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. நான் பார்த்த நாளிலிருந்தே அவர் அப்படித்தான். எனவே மற்றவர்கள் என்னைக் கேட்கத் தொடங்கினார்கள்: "அப்பா இன்னா சொல்றாரு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா கடைக்குப் போயிருந்தார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை திடீரென்று கையை நிறுத்தினார்.

"ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டியே?"

"சொல்லுங்க அத்தை."

"அவரு கொரலு எனக்கு மறந்து போச்சும்மா. நெனச்சி நெனச்சிப் பாக்கறேன், வர மாட்டேன்து. பேசினதெல்லாம் ஞாபகம் கீது. கொரலு மட்டும் இல்ல. இத்தினி வருசம் கூட இருந்துட்டு மறந்துட்டேனே, அவருக்குத் தெரிஞ்சா இன்னா நெனப்பாரு?"

நான் சிரிக்கவில்லை. அன்று மாலையே என் கணவரிடம், அப்பா பேசிய வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. வீட்டில் போட்டோ எடுக்கிறவர்கள் உண்டு; பேசும்போது படம் பிடிக்க யாருக்கும் தோன்றியதில்லை. சற்று யோசித்துவிட்டு அவர் ஒன்று சொன்னார். அப்பாவின் முதல் டச் போனில், வருகிற போகிற எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். டியூட்டியை மாற்றிச் சொல்லிவிட்டு, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கும் ஒரு சூப்பர்வைசருக்காக அப்பாவே கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. "ஆனா அந்த போன் எங்கே கீது? புதுசு வாங்கறப்ப எக்ஸ்சேஞ்சில போயிடுச்சி. எப்பப் பாரு எதையாவது மேல ஏத்திகினே இருக்கும், நெட்டெல்லாம் தின்னுடும்."

மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும் என்ற வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். நான் வேலை செய்தது ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில். போன் தொலைந்தவர்கள் பழைய படங்களை கிளவுடிலிருந்து மீட்டுக்கொண்ட கதைகளை அங்கே கேட்டிருக்கிறேன். மாமா எந்த மெயிலில் இருந்தார் என்றுதான் யாருக்கும் நினைவில்லை. அந்த அக்கவுண்டே இத்தனை காலத்தில் அழிந்திருக்கும் என்றார் கணவர். விடை கண்ணெதிரில்தான் இருந்தது. டிவியில் அத்தை சீரியல் தேடும்போது மூலையில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அதை அழுத்தினால் மாமாவின் பெயர். டிவி வாங்கிய அன்று மாட்ட வந்தவர் மாமாவின் போனிலிருந்த மெயிலைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அத்தை தினமும் சீரியல் பார்த்ததில் அந்தக் கணக்கு உயிரோடு இருந்திருக்கிறது.

பாஸ்வேர்ட் தெரியவில்லை. மறந்துவிட்டது என்று போட்டால் மாமாவின் நம்பருக்கு ஒரு குறியீடு வரும். அத்தைக்குத் தெரியாமல் செய்ய நினைத்தது சரி; மாமாவுக்குத் தெரியாமல் செய்ய முடியாது. வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அத்தை மறந்துவிட்டதாகச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் அவர் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சுரங்கக் கழிவு மண் குவிந்து கிடக்கும் சயனைட் மேட்டுப் பக்கம் நடந்துவிட்டார். எனக்குத் துக்கமாக இருந்தது. ஆறின இடத்தைக் கிளறிவிட்டோமோ என்று அவர் திரும்பி வரும்வரை பயந்துகொண்டிருந்தேன். வந்தவர் எதுவும் நடக்காததுபோல டீ குடித்தார்.

அடுத்த வாரத்தில் ஒரு மாலை, சாம்பியன் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினால், பிளாட்பாரத்து வேப்ப மரத்தடியில் மாமா நிற்கிறார். அவர் ஸ்டேஷனுக்கு வருவது வழக்கமில்லை. வீட்டில் யாருக்கோ என்னவோ என்று ஓடினேன். அவர் தன் போனை என் கையில் வைத்து, எழுத்து எழுத்தாக உதட்டை அசைத்தார். 'நீ மொதல்ல கேளு. திட்டறதெல்லாம் எடுத்துடு. அவளுக்குப் போடாதே.'

அப்போதுதான் புரிந்தது, அவர் எதற்குப் பயந்தார் என்று.

குறியீடு வந்தது, கணக்கு திறந்தது. பழைய போனின் பெயரிலேயே ஒரு பேக்கப். இறக்க ஒரு ராத்திரியும் பகலும் ஆயிற்று. இறக்கியதும் போன் அதைத் திறக்க மாட்டேன் என்றது. ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் அதைப் பிரித்து, பதிவுகளைக் கேட்கும்படி மாற்றிக் கொடுத்தான். சில கோப்புகள் வெறும் இரைச்சல். மற்றவை நன்றாகவே இருந்தன. திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டேன்.

நான் நினைத்திருந்த குரல் அதுவல்ல. கனமே இல்லை. மெல்லிய, கீச்சென்ற, மூச்சு விடாத குரல். சூப்பர்வைசரிடம் கன்னடம், பேத்தமங்களாவில் தக்காளி போடுகிற நண்பரிடம் தெலுங்கு, வீட்டுக்குத் தமிழ். மூன்றிலும் ஒரே அவசரம். வீட்டுக்குப் பேசியதெல்லாம் திட்டு. கேஸ் வந்ததா என்று திட்டு, ஏன் போனை உடனே எடுக்கவில்லை என்று திட்டு, எடுத்ததும் ஏன் கத்துகிறாய் என்று அதற்கும் திட்டு. எனக்குக் குடை நீட்டுகிற மனிதரை இதற்குள் எங்கே தேடுவது? மாலூர் தாண்டும்போது இயர்போனைக் கழற்றிவிட்டேன். இந்த ஆள் எனக்குத் தெரியாதவர் என்று தோன்றியது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அவர் சொன்னபடியே திட்டில்லாதவற்றைத் தனியாக எடுத்தேன். தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தையை உட்காரவைத்துப் போட்டேன். உள்ளறைக் கதவருகே சுவரில் சாய்ந்தபடி மாமா நின்றிருந்தார். போனில் மாமா, தான் ஒயிட்பீல்டில் நிற்பதாகவும் வர நேரமாகும் என்றும் சொன்னார். இன்னொன்றில், மாத்திரை வாங்கிவிட்டதாகச் சொன்னார். அத்தை தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கிக் கேட்டார். முகத்தில் எதுவும் ஏறவில்லை.

"இவரு யாரும்மா? யாரோ பேசறா மாதிரி கீதே. இவரு எங்க இப்பிடி மெதுவா பேசுவாரு?"

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பிறகு நீளமாக மூச்சு விட்டார். துணி உப்பித் தணிந்தது. போடு என்று கையைக் காட்டினார்.

போட்டேன். "இன்னாடி பண்றே அங்க? எத்தினி வாட்டி அடிக்கறது? போனை அடுப்புல வெச்சிக் காய்ச்சறியா?"

அத்தை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று நான் நிறுத்தப் போனேன். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் என் கையைத் தட்டிவிட்டார். "நிறுத்தாதே, நிறுத்தாதே. இதான். இதான் அவரு!" போன் திட்டிக்கொண்டே போனது. அத்தை அதைப் பார்த்து விரலை நீட்டி, "கறி வேவறப்ப போன் பண்ணா எப்பிடிய்யா எடுக்கறது? நீ வந்து கிளறு!" என்று அந்தப் பழைய சண்டைக்கு இப்போது பதில் சொன்னார்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது மாமாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. போனில் வந்த ஒவ்வொரு சொல்லையும் அவர் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். எந்தச் சொல்லுக்கு எந்த அசைவு என்று எனக்கு மனப்பாடம். அந்த அசைவுகளோடு சத்தமும் சேர்ந்து வந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். ரயிலில் கேட்ட அந்நியர் சட்டென்று என் மாமாவாகிவிட்டார். சொல்லி முடித்து, வெட்கப்பட்டவர்போல் துணியைச் சரிசெய்துகொண்டார். அத்தை எழுந்து போய் அவர் தோளில் ஓர் அடி வைத்தார். "திட்டவே இல்லன்னா நான் எப்பிடிய்யா கண்டுபுடிக்கறது?"

அதன்பின் அந்த வீட்டில் மாமாவின் திட்டு அடிக்கடி கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா சாயங்காலங்களில் வந்து, ஒன்று போடு என்பார். மாமா டீயை உறிஞ்சிக்கொண்டே உதட்டை அசைப்பார்.

போன மழைக்காலத்துக்கு முன் மாமா இறந்துபோனார். நோய் திரும்பவில்லை, இதயம்தான். இப்போது அந்தப் பதிவுகள் அத்தையின் போனிலும் என் கணவரின் போனிலும் இருக்கின்றன. கணவர் தனியாக இருக்கும்போது கேட்கிறார் என்று தெரியும். நான் அதிகம் கேட்பதில்லை. அவர்கள் இழந்தது அந்தக் குரல். நான் இழந்தது பேசாத மனிதரை. அவரை எந்த பேக்கப்பில் போய்த் தேடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் என் போனில் இடம் போதாமல், அன்று ரயிலில் கேட்க ஏற்றிய அந்தக் கோப்புகளை ஒழுங்குபடுத்தியபோது, கடைசியில் ஒரு சில, என் பெயரில் இருப்பதைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் அந்தப் பழைய போன்தான் அவரிடம் இருந்தது. ரயில் தாமதமானால் மாமா என்னை அழைப்பார். போனைக் காதில் வைத்துக் கேட்பார், பிறகு தன் மூச்சு எனக்குக் கேட்கும்படி கழுத்தருகே இறக்குவார். அதையெல்லாம் நான் மறந்தே போயிருந்தேன். ஒன்றைத் திறந்தேன். முதலில் வெறும் மூச்சு. பிறகு கூச்சம் போகாத என் புதுப்பெண் குரல்: "மாமா, பங்காரப்பேட்டையில நிக்குது. இன்னும் எடுக்கல. நீங்க சாப்டுட்டு படுங்க." மறுபடியும் மூச்சு, கொஞ்சம் நீளமாக. அதன் பிறகு நான், "சரிங்க மாமா. சரி, சரி" என்கிறேன்.

போனில் உதடு தெரியாது. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை நான் காத்திருந்திருக்கிறேன்.