கிரீடம் வளைந்த கடல்குதிரை

டார்லா ஹூக்ஸ்ட்ராவைத் திட்டாத வீடு மஸ்கீகன் நகரின் வடக்குப் பக்கத்தில் அநேகமாகக் கிடையாது. குளிர்காலம் முழுக்க அவள் ஓட்டுவது பனி வாரும் லாரி. சாலைப் பனியை அதன் முன்தகடு ஓரமாகத் தள்ளும். தள்ளிய பனி ஒவ்வொரு வீட்டுக் கார்ப்பாதையின் வாயிலும் இடுப்பளவு சுவராகக் குவிந்துவிடும். வேலைக்குக் கிளம்பியவர்கள் மண்வெட்டியோடு நின்று அவளைப் பார்த்துக் கத்துவார்கள். அவள் ஹாரன் அடித்துச் சிரித்துவிட்டுப் போவாள். இரண்டே வீடுகளுக்கு முன்னால் மட்டும் தகட்டைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வாள். ஒன்று அவளுடைய வீடு. இன்னொன்று வெர்லின் டெக்கருடையது.

வெர்லின் அவளுக்கு உறவு இல்லை. இருவரும் ஒரே மீன் வளர்ப்போர் சங்கம்; மாதம் ஒருமுறை தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் காபியும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரமுமாகக் கூடுவார்கள். விவாகரத்துக்குப் பிறகு அவள் இப்போதைய வீட்டுக்குக் குடிவந்தபோது, கண்ணாடித் தொட்டியின் மறுமுனையைத் தூக்கிவந்தவன் அவன்தான். அன்றே வீட்டுச் சாவி ஒன்றையும் அவனிடம் கொடுத்துவைத்தாள்.

தொட்டி அவளுடைய சமையலறை மூலையில் இருந்தது. அகலம் குறைவு, உயரம் அதிகம். அதில் ஒரு ஜோடிக் கடல்குதிரைகள். நகத்தளவு குஞ்சுகளாக வாங்கி வளர்த்தவை. பெண்ணுக்குப் பெர்னிஸ் என்று பெயர். ஆணுக்கு மேயர், தொந்தியும் தலையில் கிரீடமுமாக மிதப்பதால் அந்தப் பெயர். சின்ன வயதில் ஒருமுறை வடிகட்டிக் குழாய் இழுத்துக்கொண்டதில் அவனுடைய எலும்புக் கிரீடத்தின் ஒரு முனை பின்பக்கமாக வளைந்துபோயிருந்தது. எப்படியும் ஒரு கடல்குதிரையின் கிரீடம் போல இன்னொன்றுக்கு இருக்காது. வளர்ப்பவர்கள் அதை வைத்துத்தான் ஆள் அடையாளம் சொல்வார்கள். காலையில் வேலைக்குப் போகும்முன் டார்லா கண்ணாடிக் குழலால் இறால் ஊட்டுவாள். ஊட்டி முடிந்ததும் விரலைத் தண்ணீரில் விட்டால் மேயர் வாலைச் சுற்றிப் பிடித்துக்கொள்வான்.

அந்த ஜனவரியில் மேயர் முதல்முறையாகச் சூல் கொண்டிருந்தான். பெண் இட்ட முட்டைகளை வயிற்றுப் பையில் வைத்துச் சுமப்பது ஆண்தான். பை பந்துபோல் உப்பியிருந்தது. குஞ்சுகளுக்கு என்று தனித் தொட்டி, தீவனத்துக்கு உப்புநீர் இறால் முட்டை, எல்லாம் டார்லா தயாராக வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து உறைமழை அடித்தது. மின்கம்பிகள் பனிக்கட்டி சுமந்து அறுந்து விழுந்தன. ஊர் இருண்டது. டார்லாவை வேலைக்குக் கூப்பிட்டார்கள். மின்சாரம் இல்லாத வீட்டில் நீரோட்டம் நின்று, காற்று குறைந்து, தொட்டி மெல்ல மெல்லச் சாகும். சங்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு: ஜெனரேட்டர் இருப்பவர் இல்லாதவருடைய மீன்களை எடுத்துப்போய்க் காப்பாற்ற வேண்டும். ஜெனரேட்டர் வைத்திருந்த வெர்லினை லாரியிலிருந்தே போனில் கூப்பிட்டாள்.

"சாவி உன்கிட்ட இருக்குல்ல? மேயரையும் பெர்னிஸையும் தூக்கிட்டுப் போயிடு. வயித்துப்பிள்ளைக்காரன், வாளிய குலுக்காம கொண்டுபோ."

"என் பொண்டாட்டி பிரசவத்துக்குக்கூட நீ இவ்வளவு பதறலையே. நான் பாத்துக்கிறேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

மறுநாள் லாரியில் அவள் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருக்கும்போது அவன் கூப்பிட்டான்.

"போயிடுச்சு டார்லா. ரெண்டும். நான் போறதுக்குள்ளயே தண்ணி சில்லுனு ஆயிடுச்சு."

"மேயருமா?"

"மேயரும்தான். தரை உறைஞ்சு கெடக்கு, எங்க புதைக்கிறது? குப்பையில சேத்துட்டேன். மன்னிச்சுக்கோ."

அவள் அவனைச் சந்தேகப்படவில்லை. தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டாள். ஊரார் ரோட்டைத் திறக்கப் போய் வீட்டில் இருந்த உயிரைக் கொன்றுவிட்டோம் என்று. காலித் தொட்டியில் நத்தைகள் மட்டும் ஊர்ந்தன. சங்கக் கூட்டத்தில் அவள் கண் கலங்கியபோது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுத்தவன் வெர்லின். தன் வீட்டுத் தொட்டிகளில் ஏதோ நோய், யாரும் வர வேண்டாம் என்று அப்போதே சொல்லிவைத்தான்.

ஜூன் மாதக் கூட்டத்தில் அவன் எழுந்து நின்றான். அவனிடம் கடல்குதிரைக் குஞ்சுகள் பிழைத்து வளர்ந்திருக்கின்றன. இத்தனை வருடத்தில் ஒரு குஞ்சுகூட அவனிடம் தங்கியதில்லை. சங்கத்தில் எல்லாருக்கும் அது தெரியும். கைதட்டினார்கள். அவன் நேராக டார்லாவிடம் வந்து, தண்ணீர்ப் பையில் இரண்டு குஞ்சுகளை நீட்டினான்.

"முதல் ஜோடி உனக்குத்தான். நீ பட்டதுக்கு."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். டார்லா அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அந்தச் சனிக்கிழமை நன்றி சொல்ல பாதாம் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். வெர்லின் கடைக்குப் போயிருந்தான். கதவைத் திறந்தது அவன் மனைவி ஜோனெல்.

"வா, வா! இந்தப் பக்கம் வரவே மாட்டேங்கிற. கோவமா என்ன?"

"தொட்டியில நோய்னு சொன்னானே?"

"நோயா? அவனுக்குத்தான் நோய். ராத்திரி பகலா அந்த ரூமுலயே குடியிருக்கான். வந்து பாரு, உன் ஆளு ஜம்முனு இருக்கான்."

"எந்த ஆளு?"

"அதான், புயலப்ப நீ குடுத்தியே. இனிமே எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோன்னு சொன்னியாமே."

பின்னறையில் நீல விளக்கு எரிந்தது. செயற்கைப் பாசிக் கொடியில் வாலைச் சுற்றிக்கொண்டு, தொந்தியும் கிரீடமுமாக அவன் நின்றான். கிரீடத்தின் ஒரு முனை பின்பக்கமாக வளைந்திருந்தது.

டார்லா விரலைத் தண்ணீரில் விட்டாள். மேயர் மெதுவாக நீந்தி வந்து பிடித்துக்கொண்டான்.

"வெர்லின் விரல் விட்டாலும் அப்படித்தான் புடிச்சுக்குவான்," என்றாள் ஜோனெல், சிரித்துக்கொண்டே. டார்லாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

கடைப் பைகளோடு வெர்லின் அறை வாசலில் வந்து நின்றான்.

"என்ன டார்லா, சொல்லாம..."

"செத்தவனைப் பாக்க வந்தேன்."

பைகளை அவன் கீழே வைக்கவும் இல்லை. "பெர்னிஸ் செத்தது நிஜம். அதுல நான் பொய் சொல்லல."

"மேயர்?"

"இங்க வந்த அன்னைக்கே குட்டி போட ஆரம்பிச்சுட்டான். என் கண்ணு முன்னாடி. இத்தனை வருஷமா என்கிட்ட எல்லாமே செத்துக்கிட்டே இருந்துச்சு, உனக்குத் தெரியும். உன்கிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் வாளியோட வந்து நிப்ப."

"நிப்பேன். என்னோடதாச்சே."

"நீ எந்நேரமும் ரோட்டுல. குஞ்சுகளுக்குப் பொழுதன்னைக்கும் ஊட்டணும். உன்கிட்ட இருந்தா ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது."

அது உண்மையாகவும் இருக்கலாம். அதனாலேயே அவளுக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.

"நான்தான் கொன்னேன்னு அஞ்சு மாசமா வெந்துக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து முதுகைத் தட்டுன. என் மேயரோட பிள்ளைங்களை எனக்கே தானம் குடுத்து, கைதட்டல் வாங்கிக்கிட்ட."

வெர்லின் தரையைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "சங்கத்துல சொல்லிடுவியா?"

அவன் கேட்டது அது ஒன்றுதான்.

"ஜோனெல், ஒரு வாளி குடு. சோப்பு படாத வாளியா பாத்து."

ஜோனெல் கணவனைத் திரும்பிப் பார்க்காமல் போய் வாளியைக் கொண்டுவந்தாள். டார்லா மேயரைக் கையாலேயே அள்ளி அதில் விட்டாள். வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவி."

அவன் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான். பாதாம் ரொட்டி மேசையிலேயே கிடந்தது.

சங்கத்தில் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்தக் கூட்டத்தில் மறுபடியும் போய் உட்கார வேண்டும். அதுதான் அவளால் முடியவில்லை. வெர்லினுக்கு அங்கே நல்ல பெயர் என்று கேள்வி. ஒரு ஜெனரேட்டர் வாங்கிக் கார் கொட்டகையில் வைத்தாள். மேயரும் இரண்டு குஞ்சுகளும் ஒரே தொட்டியில் இருக்கிறார்கள்.

டிசம்பரில் முதல் பெரும்பனி விழுந்தது. விடிந்து சற்று நேரத்தில் டார்லாவின் லாரி வெர்லினின் தெருவில் திரும்பியது. அவன் காபிக் கோப்பையோடு வாசலில் நின்று, ஒவ்வொரு வருடமும் போலக் கையைத் தூக்கினான். அவள் கை பழக்கத்தில் தகட்டை உயர்த்தும் நெம்புகோலுக்குப் போனது. அங்கேயே நின்றது. லாரி நேராகப் போயிற்று. தெருவில் மற்ற எல்லா வீட்டுக்கும் எப்படியோ அப்படியே அவன் கார்ப்பாதை வாயிலிலும் பனிச்சுவர் எழுந்தது.

பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். வெர்லின் தூக்கிய கையை இறக்கிவிட்டு மண்வெட்டி எடுக்க உள்ளே போனான். மற்றவர்கள் கத்துவார்கள்; அவன் கத்தவில்லை.