மாளிகைக்குள் கதைக்கப் போன ஜெசிந்தா அக்கா

2008 அக்டோபர். காலை ஒன்பதரைக்கு கோட்-வெர்த்யூ நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். கட்டணம் இரண்டே முக்கால் டாலர். ஷான்-து-மார்ஸ் வரை ஒரே ரயில்; வெளியே வந்தால் பழைய மாண்ட்ரியல்.

சென்னையிலிருந்து வேலையாக வந்த நான், ஜெசிந்தா அக்கா வீட்டில் வாடகைக்குக் குடியேறி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அக்கா யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். இங்கே டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறார். அன்று, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் பழைய ஆளுநர் மாளிகையில் வழிகாட்டி வேலைக்குச் சோதனைச் சுற்று. தேறினால் தட்டுகளுக்கு விடை. பார்வையாளர் வேடம் எனக்கு.

ரயிலில் பிரெஞ்சுத் தாளை முணுமுணுத்து வந்தவர் சட்டென்று அதை மடித்தார்.

"தம்பி, எனக்குக் கதைக்க வராது."

"கதை எதுக்கு அக்கா? நடந்ததைச் சொல்லுங்க, போதும்."

ஒரு கணம் விழித்தவர், அடக்க முடியாமல் சிரித்தார். "ஐயோ தம்பி, கதைக்கிறது எண்டால் பேசுறது! சரி, கதை விடாமல் கதைக்கிறன்."

மாளிகை நகர மண்டபத்துக்கு எதிரே, சாம்பல் கல்லில், கோபுரத்தோடு நின்றது. உள்ளே ஒரு கூடம் முழுக்கப் பரோக் பாணிச் செதுக்குப் பலகைகள். மரம் கொடியாகவும் சிப்பியாகவும் சுருண்டு ஓடியது. மேலாளர் அம்மையார் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா மனப்பாடத்தைத் தொடங்கினார். மூன்றாவது வரியில் நின்றுபோனார்.

எனக்குத்தான் பொறுமை கிடையாதே. "இங்கே யாரெல்லாம் இருந்தார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன்.

அக்கா தாளை மறந்தார். எனக்கே புரியும் எளிய பிரெஞ்சில், விரல் விட்டு எண்ணிச் சொன்னார்: ஆளுநர், தோல் வணிகர், ஊரைப் பிடிக்க வந்த அமெரிக்கப் படை, நீதிபதிகள், ஆசிரியப் பயிற்சி மாணவர், மருத்துவ மாணவர். "இந்தப் பலகைகள் பிறகு பிரான்சிலிருந்து வந்தவை. கோபுரமும் அருங்காட்சியகம் ஆன பிறகு கட்டியதுதான். ஆண்ட ஒருவரும் அதைப் பார்த்ததில்லை!"

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். கட்டியிருந்த கைகள் பிரிந்தன. சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார்.

"ஓம்!" என்றார் அக்கா. பிறகு அவசரமாக அதையே பிரெஞ்சில், "வீ, வீ!"

சேப்பாக்கத்தில் நவாப் மாளிகைக்குள் கோப்புகளோடு குமாஸ்தாக்கள் நடமாடுவதைப் பார்த்து நான் எரிச்சல்பட்டதுண்டு. இனி அவ்வளவு படமாட்டேன். ஆட்கள் புழங்கியதால்தானே இந்த வீடும் நிற்கிறது.

நிலையத்துப் படியில் அக்கா நின்றார். "தம்பி, உண்மையாச் சொல்லும். எப்பிடி?"

"சூப்பரா கதைச்சீங்க அக்கா."

"பாரன், ரெண்டு நாளிலை சென்னைக்காரரும் கதைக்கத் தொடங்கிட்டார்!"