ஈர நகத்தில் ஒரு படகு

அவளைப் பராக்கு என்று முதலில் கூப்பிட்டவர் அவளுடைய அப்பாதான். திட்டாகத்தான் ஆரம்பித்தது, போகப் போக அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, ஓரத்தில் சின்னச் சின்னதாக எழும் நுரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அது பொங்கி வழியும்போதும் பார்த்துக்கொண்டுதான் நிற்பாள். அம்மா ஓடி வந்து அடுப்பை அணைத்தால், "அழகா இருந்துச்சும்மா" என்பாள். இப்படி ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

வேலைக்குப் போகாமல் இல்லை. துணிக்கடையில் சேர்ந்தாள்; நீலச் சட்டை கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்காமல், அலமாரியில் இருக்கும் நீலங்களுக்குள் எது எதைவிட ஆழம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் போய்விட்டார். பிறகு தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. ஒருவர் தன் இணையம் வேலை செய்யவில்லை என்று கத்திக்கொண்டிருக்க, இவள் அவருக்குப் பின்னால் கேட்ட மழைச் சத்தத்தில் கரைந்துபோனாள். "அங்க மழை பெய்யுதா சார்?" என்று அவள் கேட்டதை மேலாளர் பதிவிலேயே கேட்டுவிட்டார். அதோடு அந்த வேலையும் போயிற்று.

அப்பாவுக்கு இது தாங்கவில்லை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வானத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, வீடு அளவு இருக்கும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கிக் கப்பலில் வைப்பவர். காலடியில் மனிதர்கள் நடமாடுவார்கள். "அங்க உக்காந்து ஒரு நொடி பராக்குப் பாத்தா, கீழ இருக்கவன் வீட்டுக்குப் போகமாட்டான்" என்பார். அவர் பயமெல்லாம் அதுதான். கவனம் தப்பினால் உயிர் தப்பாது என்று வாழ்நாள் முழுக்கப் பழகிய மனிதருக்கு, தன் மகள் ஜன்னலைப் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தரத்தில் தொங்கும் இரும்புப் பெட்டிதான் ஞாபகம் வரும்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் அவள் வந்து, அழகுக்கலைப் பள்ளியில் சேரப் போவதாகவும், நகத்தில் ஓவியம் போடக் கற்றுக்கொள்ளப் போவதாகவும் சொன்னாள்.

"நகத்துக்குப் பெயின்ட் அடிக்க ஒரு படிப்பா?" என்றார் அப்பா. அன்று முழுக்க அதையே வேறு வேறு மாதிரி கேட்டார். கடைசியில் அம்மா நடுவில் புகுந்ததும் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. படிக்கட்டும். ஒரே ஒரு பரீட்சை. தேறினால் அவள் வழி அவளுக்கு. தேறாவிட்டால் மறுபேச்சில்லாமல் துறைமுக வாசலில் லாரிகளுக்கு அனுமதிச் சீட்டு ஒட்டும் வேலை. அங்கே மேற்பார்வையாளர் அப்பாவின் சிநேகிதர். இடம் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

பள்ளி ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. நீளமான அறை, வெள்ளை மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் வளைந்த கழுத்துள்ள விளக்கு. சுவரில் நெயில் பாலிஷ் பாட்டில்கள் வரிசை வரிசையாக. காலை வெயில் அவற்றுக்குள் புகுந்து வரும்போது தரையில் சிவப்பும் ஊதாவும் மெல்லிய பச்சையுமாக நிழல் விழும். நிழலுக்கு நிறம் இருப்பதைப் பராக்கு அங்கேதான் முதலில் பார்த்தாள். அதன் மேல் கால் வைக்க மனமில்லாமல் சுற்றி நடந்து போய் உட்காருவாள்.

முதல் நாட்களில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிரஷ்ஷில் நிறைய எடுப்பாள். பாலிஷ் நகத்தைத் தாண்டித் தோலோரத்தில் வெள்ளம் புகுந்தது போல ஓடும். பாட்டில் வாயிலேயே வழித்து, ஒரு சொட்டு மட்டும் எடுத்து, நடுவில் ஒரு கோடு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மெல்லிசாக இழுக்கக் கற்றுக்கொள்ளவே வெகு காலம் பிடித்தது. அரத்தை முன்னும் பின்னும் ராவாமல் ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். நகத்தின் நுனி விளிம்பையும் சேர்த்துப் பூச வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே உரியும். குண்டூசித் தலை போன்ற முனையுள்ள குச்சியால் புள்ளி வைத்து, ஐந்து புள்ளிகளைப் பூவாக்க வேண்டும். அந்தப் பூ ஈரமாக இருக்கும்போதே மேல்பூச்சு அடித்தால் பூ வால் நட்சத்திரமாகிவிடும். அவளுடைய முதல் தோட்டம் முழுக்க வால் நட்சத்திரங்கள்தான்.

ஆனால் ஒன்றில் அவளை யாரும் மிஞ்ச முடியவில்லை. காய்வதற்காகக் காத்திருப்பதில். மற்றப் பெண்கள் ஊதுவார்கள், விசிறுவார்கள், காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக் கெடுத்துக்கொள்வார்கள். பராக்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, பாலிஷின் பளபளப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேகம் மெல்ல வந்து குளத்தை மூடுவது போல இருக்கும் அவளுக்கு. அவள் போட்ட அடுக்குகள் சுருங்கவில்லை, குமிழி விடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பதும் வேலையில் சேர்த்தி என்று சொல்லும் ஒரு இடம் உலகத்தில் இருந்திருக்கிறது பாருங்கள்! அவள் சந்தோஷமாக இருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, காலையில் எழுந்ததும் எங்கேயாவது போக வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

பரீட்சைக்கு நிஜமான கை வேண்டும். இரண்டு கைகளுக்கும் நகம் திருத்தி, பூசி, கட்டை விரல்களில் மட்டும் சொந்தமாக ஒரு சின்னப் படம் வரைய வேண்டும். எதிர்வீட்டுப் பெண் வருவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். வாழைப்பழத்தில் கூடக் கீறல் விழாமல் தோல் உரிக்கும் அளவுக்குப் பதவிசாக வளர்த்த நீள நகங்கள். ஆனால் அவளுக்கும் அந்த வாரம் ஒரு வேலைக்கான நேர்காணல். பதற்றத்தில் பத்து விரலையும் கடித்துத் துப்பிவிட்டாள். பரீட்சை நாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்று கையைக் காட்டி அழுதாள். அம்மா வேலைக்குப் போயாகிவிட்டது. மிச்சம் இருந்தது, அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடத் தயாராக நின்ற அப்பா.

"ஆம்பளக் கை ஆகாதுன்னு எதுலயும் போடல" என்று, பள்ளியில் விஷயத்தைக் கேட்ட மிஸ் அப்பாவைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அப்பா பேயறைந்த மாதிரி நின்றார். மகள் அவரைப் பார்த்தாள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். சுற்றிலும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கிண்ணத்து வெந்நீரில் விரல்களை விட்டதும் அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

கை என்றால் அதுவல்லவா கை! குட்டை நகங்கள்தான், ஓரத்தில் எண்ணெய்க் கறுப்புதான். ஆனால் மேசையிலிருந்த குட்டி மெத்தையில் வைத்த கை வைத்த இடத்திலேயே இருந்தது. மற்ற மேசைகளில் விரல்கள் நெளிந்தன, கூசின. நெம்புகோலை மயிரிழையாக நகர்த்திப் பழகிய அந்தக் கை மட்டும் அசையவில்லை. பராக்கு கறுப்பை எடுத்தாள், திருத்தினாள், அந்தி வானம் போல மேலே ஆரஞ்சும் கீழே நீலமுமாகப் பஞ்சால் ஒற்றினாள். வலது கட்டை விரலில் ஒரு படகு வரைந்தாள். மேலே ஒரு நிலா. நகம் சிறியதுதான், ஆனால் அந்தத் தண்ணீர் எங்கேயோ தூரம் வரைக்கும் போவது போல இருந்தது.

பரீட்சை நடத்த வெளியிலிருந்து வந்திருந்த அம்மாள் மேசை மேசையாகச் சுற்றி வந்தார். இங்கே வந்ததும் குனிந்தார். "நல்ல கை" என்றார். பிறகு, "ஆனா தலைகீழா இருக்கு" என்றார்.

பராக்குக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் நிலா மேலேதான் இருந்தது.

"நீ எதிர்ல உக்காந்து உனக்கு நேரா வரைஞ்சிருக்க. படம் போட்டுக்கறவங்களுக்கு நேரா இருக்கணும். இத மிஸ் சொல்லித் தரலையா?"

மிஸ் சொல்லித்தான் தந்திருந்தார். சொல்லித் தந்த அன்று காலை வெயில் பாட்டில்களில் விழுந்து தரையில் நிறம் ஓடிக்கொண்டிருந்தது. பராக்கு அங்கே இருந்தாள், பாடத்தில் இல்லை. இத்தனை நாளும் நிஜக் கைகளில் புள்ளியும் கோடும் பூவும்தான் போட்டிருந்தாள். அவற்றுக்குத் தலையும் கிடையாது, காலும் கிடையாது. அதனால் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

அப்பா விரல்களை உள்ளங்கைப் பக்கம் மடக்கி, ஆண்கள் நகம் பார்ப்பார்களே அப்படிப் பார்த்தார். "எனக்கு நேராத்தான் தெரியுதுங்க" என்றார்.

அது நிஜம்தான். அப்படி மடக்கினால் படம் நேராகிவிடுகிறது. அறையே சிரித்தது, அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். "கையை நீட்டிப் பாருங்க சார். நீட்டிப் பாக்கறவங்கதான் எங்ககிட்ட வர்றவங்க." அப்பா நீட்டினார். நிலா தண்ணீருக்கு அடியில் கிடந்தது, படகு கவிழ்ந்திருந்தது.

"இன்னொரு கட்டை விரல் இருக்கு. அதுலயாவது நேரா வரணும். ரெண்டும் இப்படின்னா படத்துக்கு மார்க் கிடையாது. படத்துக்கு மார்க் இல்லாம தேற முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

பராக்கு இடது கையை எடுத்துக்கொண்டாள். மனசுக்குள் படகைத் திருப்பிப் பார்த்தாள். திருப்பியது மறுபடி தானாக நிமிர்ந்துகொண்டது. நிலாவை வைத்தாள், பழைய இடத்திலேயே போய் விழுந்தது. பஞ்சில் ரிமூவரைத் தொட்டுத் துடைத்து, அந்தி வானத்தை மறுபடி ஒற்றிக் காயவிட்டாள். மறுபடியும் வைத்தாள். மறுபடியும் அதே தப்பு. லாரிகள் வரிசையாக நிற்கும் வாசல் கண்ணுக்குள் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் கை மட்டும் அப்படியே இருந்தது.

அப்போது அவள் எழுந்தாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அப்பாவுக்கு இடப்பக்கம், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

"ஏய், எதிர்லதான் உக்காரணும்" என்று மிஸ் பதறினார்.

"அப்படி எங்கயும் எழுதல. விடுங்க" என்றார் பரீட்சை அம்மாள், திரும்பிப் பாராமலே.

இப்போது கை அவளுடைய கை மாதிரியே தெரிந்தது. மீண்டும் துடைத்து, வானம் ஒற்றி, அது காயும் வரை அவசரப்படாமல் காத்திருந்தாள். பக்கத்தில் அப்பாவும் காத்திருந்தார். இவ்வளவு அருகில் அவர்கள் உட்கார்ந்து எத்தனையோ காலமாகியிருந்தது. ஆரஞ்சு நீலத்துக்குள் இறங்குவதை இருவரும் பார்த்தார்கள். பிறகு அவள் பிரஷ்ஷை எடுத்தாள். நிலா வந்தது. அதன் கீழ் ஒரு வளைந்த கோடு, படகானது. தண்ணீரில் வெள்ளையாக இரண்டு கீற்று.

"இந்தப் படகை எங்க பாத்த?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"உங்க துறைமுகத்துலதான்பா. சின்னப் பிள்ளைல ஒரு நாள் கூட்டிட்டுப் போனீங்களே. நீங்க மேல ஏறிட்டீங்க. நான் கீழ ஆபீஸ் ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அங்க ஏது படகு? கப்பல்தான வரும்."

"கிரேனுக்குப் பின்பக்கம்பா. மீன் பிடிக்கறவங்க படகு. வரிசையா ஆடிக்கிட்டு இருக்கும். நீங்க பாத்ததே இல்லையா?"

அவர் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கண்ணாடிக்கு முன்னால், காலுக்குக் கீழே, கொக்கியை மட்டும்தான் பார்த்திருந்தார். பின்னால் கடல் இருப்பது தெரியும். திரும்பிப் பார்க்க நேரம் இருந்ததில்லை, தைரியமும் இருந்ததில்லை.

"அப்ப அங்க நிலா இருந்துச்சா?"

"பகல்லப்பா. நிலா நானா வெச்சது."

மேல்பூச்சு அடித்து முடித்து, அவள் பாட்டிலை மூடினாள். பரீட்சை அம்மாள் கடைசி மேசையில் இருந்தார். இவர்கள் முறை வர இன்னும் நேரம் இருந்தது. அப்பா இரண்டு கைகளையும் விரல் விரித்து அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சட்டைப் பையில போன் இருக்கு பாரு, எடு" என்றார். "வாசல் ஆபீஸ்காரன் நம்பரப் போட்டு என் காதுல வை. எனக்கு ஈரம்."

அவள் எடுத்தாள். போட்டாள். காதில் வைத்தாள். மறுமுனைக் குரல் அவளுக்கும் கேட்டது.

"அந்த இடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கப்பா" என்றார் அப்பா. "என் பொண்ணு வரமாட்டா."

"அப்படியா, தேறிட்டாளா?"

"தெரியல" என்றார் அவர், கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே. "இன்னும் மார்க் போடல."