அப்பா பிடுங்கும் பீஸ் கட்டை

அம்மா போன பிறகு அப்பா மரக்காணத்து வீட்டில் தனியாக இருக்கிறார். சென்னைக்கு என்னோடு வந்துவிடச் சொன்னால், உப்பளத்தை யார் பார்ப்பது என்பார். வேறு வழியில்லாமல் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கேமரா மாட்டினேன். எழுந்தாரா, சாப்பிட்டாரா, எங்காவது விழுந்து கிடக்கிறாரா என்று அலுவலகத்திலிருந்தே எட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

வீட்டு இணைய இணைப்புக்கு ஓர் எண் உண்டு. ரௌட்டர் அணைந்து எரியும்போதெல்லாம் அது மாறிவிடும். பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் வேறு யார் வீட்டு வாசலிலோ நிற்போம். அதற்குத்தான் டைனமிக் டிஎன்எஸ். வீட்டுக்கு மாறாத ஒரு பெயரை வைத்துவிட்டால், எண் மாறும்போதெல்லாம் ரௌட்டரே புது எண்ணை அந்தப் பெயரில் பதிந்துவிடும். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். நெட்வொர்க் வேலையில் பல வருஷம் குப்பை கொட்டியவள் நான். எனக்கு இது அரைமணி நேர வேலை.

அந்தப் பெருமை ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டால் வீடு பதில் சொல்லவில்லை. பதறிப்போய் போன் செய்தேன். அப்பா உப்பளத்தில் இருந்தார்.

"பீஸ் கட்டைய புடுங்கிட்டு வந்துட்டேம்மா. ஆளில்லாத வூட்ல கரண்டு எதுக்கு?"

அது உப்பளத்துப் பழக்கம். பாத்தியில் இறங்கும் முன் மோட்டார் கொட்டகையில் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். உப்புத் தண்ணீரில் கால் வைத்து நிற்கும்போது யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. அப்பா வீட்டையும் ஒரு மோட்டார் கொட்டகையாகவே நினைத்தார். ரௌட்டருக்குத் தனியாக ஒரு பேட்டரி வாங்கி வைத்தேன். அதையும் அணைத்துவிட்டுப் போனார். ஃப்ரிட்ஜ் என்னாவது என்றால், "அதுல என்ன இருக்குது, தண்ணி பாட்டில்தானே" என்றார்.

எண் மாறிய நேரங்களின் பட்டியல் எனக்கு வரும். வேலைக்குப் போனவர் பதினோரு மணிக்கு வீடு திரும்பினால் ஒரு புது எண், மறுபடி போய்ச் சாயங்காலம் திரும்பினால் இன்னொன்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனில் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

கோடையில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வீடு பதில் சொன்னது. காலியான கூடம், சுற்றும் மின்விசிறி, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அப்பாடா, ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டார் என்று பூரித்துப்போனேன். பக்கத்து சீட்டுக்காரியிடம் பெருமையாகக் காட்டினேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆளில்லாத இடத்தில் ஒரு பல்பைக்கூட எரியவிடாதவர். பட்டியலைத் திறந்தேன். முந்தைய நாள் சாயங்காலத்து எண் மாறவே இல்லை. பீஸ் கட்டையைப் பிடுங்காமல் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியதே கிடையாது.

அப்பாவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. கேமராவின் ஒலியைத் திறந்தேன். வீட்டுக்குள்ளேயே அவர் போன் அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா போய்ப் பார்த்தார். பின்பக்கக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, விடியற்காலையிலிருந்து கிடந்திருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்து, தேறி, கோலூன்றி மறுபடி உப்பளத்துக்குக் கிளம்பும் முன் போனில் சொன்னார்:

"இனிமே பீஸ் கட்டைய புடுங்கல. நீ பாத்துக்கினே இரும்மா."

"வேணாம்பா. போறப்ப புடுங்கிட்டே போங்க."

"இத்தினி நாளா அதுக்குத்தானே திட்டுன?"

"தெரியாம திட்டிட்டேம்பா."

ஏன் மனசு மாறியது என்று கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பினேன். அவர் விழுந்து கிடந்த அன்று, காலை முழுக்க நான் சந்தோஷமாக இருந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.