எண் இல்லாத கிளி

மருத்துவமனைக் கருவிகளுக்கு எண் ஒட்டுவது என் வேலை. எண் இல்லாத எந்தக் கருவியையும் வார்டுக்குள் விடமாட்டேன். என் கிளிக்கு மட்டும் மூன்று மாதமாக எண் இல்லை.

காரணம் சோம்பல் இல்லை, பயம். கிளிக்கு எண் போடும் வழிகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். மூடிய வளையம்: குஞ்சாக இருக்கும்போதே காலில் மாட்ட வேண்டும், காலம் கடந்துவிட்டது. திறந்த வளையம்: வளர்ந்த கிளிக்கும் மாட்டலாம், ஆனால் கூண்டுக் கம்பியில் சிக்கினால் கால் முறியும், யாரும் நெம்பிக் கழற்றியும் விடலாம். எண் பதிந்த சிப்: அரிசி அளவுதான், ஆனால் நெஞ்சுத் தசைக்குள் தடித்த ஊசியால் செலுத்த வேண்டும். என் கிளியின் எடை நூற்றிருபது கிராம். எல்லாவற்றுக்கும் எதிரே ‘ஆபத்து’ என்று எழுதினேனே தவிர, எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் எங்கள் ஃபிளாட்டின் பால்கனி வலையிலிருந்த கிழிசல் வழியாக அது பறந்துவிட்டது.

மறுநாள் மாலை, இரண்டு மாடி கீழே குடியிருக்கும் லோரி ஓட்டுநர் கதவைத் தட்டினார்.

“உங்க கிளி எங்க ஜன்னல்ல வந்து உக்காந்துச்சுமா. புடிச்சு வச்சிருக்கேன், வாங்க.”

ஓடினேன். கூண்டில் இரண்டு கிளிகள். இரண்டும் ஒரே பச்சை, ஒரே அளவு. இரண்டும் இளசு, கழுத்தில் இன்னும் கருப்புக் கோடு விழவில்லை.

“ஒண்ணு என்னோடது. போன வாரந்தான் பாசார்ல வாங்குனேன். ஒரு கூண்டுதான் இருந்துச்சு, அதுலயே போட்டுட்டேன். இப்ப எது எதுன்னு எனக்கே கன்ஃபியூஸ் லா.”

“என்ன அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க!”

“உங்க கிளிய உங்களுக்கே தெரியலையா? என் லோரிய நூறு லோரி நடுவுல விட்டாலும் கண்டுபிடிச்சிடுவேன் நான்.”

கூப்பிட்டேன். இரண்டும் பின்வாங்கிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டன. விசிலடித்தேன். இடப்பக்கத்துக் கிளி தலையைச் சாய்த்தது. அதைக் கைகாட்டி, வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

ஒன்பது நாள் கவனித்தேன். பயத்தங்காய் தின்றது: சரி. என் விரலில் ஏற மறுத்தது: சரியில்லை. மின்விசிறிக்கு மிரண்டது: எந்தக் கிளியும் மிரளும்.

பத்தாம் நாள் அதைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். சிப்தான் என்று முடிவு செய்திருந்தேன். டாக்டர் ஊசியின் உறையைப் பிரித்தபடி கேட்டார்: “இந்த நம்பர் உங்க பேர்ல ஏறிடும். கன்ஃபர்ம், உங்க பறவைதானே?”

அதுவரை ஊசிக்குத்தான் பயந்திருந்தேன். இப்போது அந்தக் கேள்விக்குப் பயந்தேன். தப்பான கிளியாக இருந்தால், என் தப்பை அதன் தசைக்குள்ளேயே வைத்துவிடுவேன்.

“கொஞ்சம் இருங்க டாக்டர்,” என்று சொல்லி, ஓட்டுநருக்கு ஃபோன் செய்து அவரிடமிருந்த கிளியையும் கொண்டுவரச் சொன்னேன்.

ஒரு மணி நேரத்தில் மற்ற கிளியோடு வந்துவிட்டார். அதற்கும் சிப் போடச் சொன்னேன். எந்த எண் யார் பேரில் என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்; இனி ஒருபோதும் கலந்துவிடக் கூடாது.

“லோரிக்கு ரோட் டாக்ஸ் எடுக்கவே எனக்கு நேரமில்ல. கிளிக்கு ரிஜிஸ்ட்ரேஷனா?” என்று சிரித்தார். ஆனாலும் கூண்டை மேசைமேல் வைத்தார்.

முதலில் என்னிடமிருந்த கிளி. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. டாக்டர் பஞ்சால் அழுத்திப் பிடித்தார். அதன் நெஞ்சு படபடவென்று ஏறி இறங்கியது. அது கால் ஊன்றி நிற்கும்வரை நான் மூச்சு விடவில்லை. ஸ்கேனரில் பதினைந்து இலக்கங்கள் தெரிந்தன. பிறகு அடுத்தது.

“டாக்டர் இன்னும் நம்ம பேரு டைப் பண்ணல,” என்றார் ஓட்டுநர். “மாத்திக்கணும்னா இப்பவே சொல்லுங்கமா. எனக்கு எதுன்னாலும் ஓகே.”

இன்னொரு முறை சோதித்துப் பார்க்கலாம். பார்த்து, மற்றதுதான் என்னுடையது என்று தெரிந்துவிட்டால்? இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்பது நாள் என்னுடையதை வேறு வீட்டில் விட்டிருந்தேன் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

“வேணாம் அண்ணே. இதுதான்.”

அவர் தன் கூண்டைத் துணியால் மூடினார். உள்ளிருந்து அது கத்தத் தொடங்கியது. அவர் படியிறங்கித் தெருவுக்குப் போகும்வரை கத்தியது. டாக்டர் படிவத்தை நீட்டினார். சத்தம் நிற்கும்வரை என்னால் பேனாவைத் திறக்க முடியவில்லை.